சிக்னல் தேயும்போது போன் ஏன் தாவ மறுக்கிறது?

மேல்தளத்தில் சிக்னல் போதவில்லை என்று இரண்டாவதாக ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். கீழே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. மாடி அறையில் கட்டிலுக்கு நேர் எதிரே புது ரவுட்டர் பச்சை விளக்கோடு மின்னுகிறது. ஆனாலும் வீடியோ காலில் பேசியபடி படியேறி வருகிறவரின் முகம் மறுமுனையில் உறைந்து நிற்கிறது. குரல் துண்டு துண்டாகக் கேட்கிறது. வைஃபையை அணைத்து மறுபடி போட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது. ரவுட்டர் பழுதாகவில்லை, போனும் பழுதாகவில்லை. எட்டடி தூரத்தில் இருக்கும் புது ரவுட்டரைக் கண்டுகொள்ளாமல், கான்கிரீட் தளத்துக்குக் கீழே இருக்கும் பழைய ரவுட்டரையே போன் பிடித்துக்கொண்டிருந்தது.

நெட்வொர்க் பொறியாளர்களுக்கு இது பழகிய தலைவலி. பழைய இணைப்பை விடாமல் தொங்கும் இத்தகைய கருவியை ‘ஸ்டிக்கி கிளையன்ட்’ என்பார்கள். வீட்டில் இது எரிச்சலோடு போய்விடும். மருத்துவமனையில் வார்டு வார்டாக நடக்கும் செவிலியரின் வைஃபை போனிலோ, கிடங்கில் ரேக்குகளுக்கு நடுவே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரின் பார்கோடு ஸ்கேனரிலோ இது நேர்ந்தால் வேலையே நின்றுபோகும்.

வைஃபை சிக்னல் தரும் ரவுட்டர் போன்ற ஒவ்வொன்றும் ஓர் ஆக்சஸ் பாயின்ட். ஒரே நெட்வொர்க்குக்குள் ஓர் ஆக்சஸ் பாயின்டை விட்டு இன்னொன்றுக்குக் கருவி மாறுவதை வைஃபை உலகில் ரோமிங் என்கிறார்கள். கால் நூற்றாண்டாக அதைச் சீராக்க நடந்துவரும் முயற்சிகள் அத்தனையும் ஒரே திசையில்தான் போகின்றன: மாறுவதற்கான ஏற்பாடுகள் எல்லாம் சிக்னல் நன்றாக இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். சிக்னல் தேய்ந்த பிறகு அடுத்த வழியைத் தேடுவது, தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டும் கதைதான்.

முதலில், முடிவெடுப்பது யார்? 1997ல் வெளிவந்த முதல் 802.11 தரநிலை தொட்டு, எந்த ஆக்சஸ் பாயின்டோடு சேர்வது, எப்போது அதை விட்டு விலகுவது என்பதைத் தீர்மானிப்பது போன்தான், ரவுட்டர் அல்ல. எந்த அளவுக்குச் சிக்னல் இறங்கினால் விலக வேண்டும் என்று தரநிலை வரையறுக்கவும் இல்லை. அதனால் போன், லேப்டாப், டிவி, பிரின்டர் என்று ஒவ்வொன்றையும் செய்யும் நிறுவனம் தன் கணக்குப்படி ஒரு விதியை எழுதி உள்ளே வைத்துவிடுகிறது. ஒரே அறையில், ஒரே இடத்தில் வைத்த இரண்டு போன்கள் இரு வேறு ரவுட்டர்களைப் பிடித்திருப்பது இதனால்தான்.

அந்த விதிகளைப் புரிந்துகொள்ள ஓர் அளவை வேண்டும். சிக்னல் வலிமையை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். பூஜ்யம் டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட். எண் பத்துப் பத்தாக இறங்க இறங்க, திறன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போகும். ரவுட்டருக்கு அருகில் போன் வாங்கும் சிக்னல் மைனஸ் 40 போல இருக்கும். மைனஸ் 70 டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய ஆற்றலை வைத்துக்கொண்டே போன் ஒரு வீடியோவைத் தட்டுத் தடங்கலின்றி ஓட்டிவிடும்! வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல், அதாவது இந்த எண்ணில் 6, குறையும். வீட்டுக்குள் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் அதற்கு மேலும் பிடுங்கிக்கொள்ளும்.

இந்த விதிகளில் ஒன்றை ஆப்பிள் நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. ஐபோனும் ஐபேடும் தற்போதைய இணைப்பின் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால்தான் வேறு ஆக்சஸ் பாயின்டைத் தேடவே தொடங்கும். மேக் கணினிகளுக்கு அந்த எல்லை மைனஸ் 75. தேடிக் கண்டுபிடித்ததும் உடனே தாவிவிடுவதும் இல்லை. ஐபோனில் தரவு போய்வந்துகொண்டிருந்தால், புதிய இடம் பழையதைவிடக் குறைந்தது 8 டெசிபல் வலுவாக இருக்க வேண்டும்; அதாவது ஆறு மடங்குக்கு மேல். போன் சும்மா கிடந்தால் 12 டெசிபல், கிட்டத்தட்ட பதினாறு மடங்கு.

இதை வைத்து மாடிப்படியில் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படி ஏறி முடித்த இடத்தில் கீழ் ரவுட்டரின் சிக்னல் மைனஸ் 68. மேல் ரவுட்டரின் சிக்னல் மைனஸ் 45. வித்தியாசம் 23 டெசிபல், இருநூறு மடங்கு. ஆனாலும் போன் அசையாது, ஏனென்றால் மைனஸ் 68 இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுத் தவறான பக்கம் சாய்ந்ததாக நினைக்க வேண்டாம். அது இன்னும் ஒப்பிடவே தொடங்கவில்லை. மேல் ரவுட்டர் என ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

பிறகு ஏன் எப்போதும் தேடிக்கொண்டே இருக்கக் கூடாது? தேடுவதற்கு விலை உண்டு. வைஃபை ஒரு நேரத்தில் ஒரு சேனலில்தான் பேசும். வேறு சேனலில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, போன் இருக்கும் சேனலை விட்டு வெளியே போக வேண்டும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு: ‘கொஞ்சம் தூங்கப் போகிறேன், எனக்கு வருவதை எடுத்து வை’ என்று தன் ரவுட்டருக்கு ஒரு தகவல் அனுப்பிவிட்டு, அடுத்த சேனலுக்குப் போய் ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று கேட்டுச் சிறிது நேரம் காத்திருக்கும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டும் 13 சேனல்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இன்னும் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களை வானிலை ரேடார் போன்றவையும் பயன்படுத்துவதால், அங்கே போன் வாய் திறந்து கேட்கக் கூடாது. ஆக்சஸ் பாயின்ட் தானாக அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் வரும். குரல் அழைப்பிலோ 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தரவுப் பொட்டலம் போக வேண்டும். ஒரு சேனலில் காத்திருக்கும் நேரத்துக்குள் ஐந்து பொட்டலங்கள் தேங்கிவிடும். பேட்டரியும் கரையும்.

எல்லையைத் தாண்டியதும் தாவாமல் 8 டெசிபல் வித்தியாசம் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் நேராக வரும் அலையோடு சேர்ந்து ஓரிடத்தில் வலுக்கும், பக்கத்திலேயே இன்னோர் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். போனை மேசையில் ஒரு விரற்கடை நகர்த்தினாலும், குறுக்கே ஓர் ஆள் நடந்தாலும் சிக்னல் பல டெசிபல் ஏறி இறங்கும். சிறிய வித்தியாசத்துக்கெல்லாம் தாவும் போன், இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே உட்கார்ந்தால் ஓயாமல் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் ஒரு தடங்கல். பிடிவாதமும் கெடுதல், சபலமும் கெடுதல். நடுவில் எங்கே கோடு போடுவது என்பதுதான் கேள்வி.

ஒட்டிக்கொண்ட கருவி தன்னை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. பிரான்ஸின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் மார்ட்டின் ஹூஸ் உள்ளிட்ட நால்வர் 2003ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். வைஃபையில் எல்லாக் கருவிகளுக்கும் பேசுவதற்குச் சம வாய்ப்பு கிடைக்கும்; ஆனால் சம நேரம் அல்ல. சிக்னல் குறைந்த கருவி பிழையைத் தவிர்க்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 11 மெகாபிட் வேகத்தில் பேசும் கருவிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் 1 மெகாபிட்டில் பேசினால், ஒரே அளவுள்ள பொட்டலத்தை அனுப்ப அதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். மற்றவை வரிசையில் காத்துக்கிடக்கும். முடிவில் எல்லாருடைய வேகமும் அந்த மந்தமான கருவியின் வேகத்துக்கே இறங்கிவிடுகிறது. நேரத்தைச் சமமாகப் பங்கிடும் ஏற்பாடு புதிய ரவுட்டர்களில் வந்திருந்தாலும், மாடியில் ஒருவர் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் கீழ்வீட்டு டிவி விலை கொடுப்பது முழுவதும் ஒழிந்துவிடவில்லை.

மொபைல் போன் டவர்கள் இந்தச் சிக்கலை வேறு கோணத்தில் அணுகின. நகரும் வாகனத்திலிருந்து பேசுகிறவரின் அழைப்பை, அறுபடாமல் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தொலைபேசி நிலையமே மாற்றிக் கொடுக்கும் முறைக்கு பெல் ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயல் 1972ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அங்கே முடிவு நெட்வொர்க்கின் கையில் இருந்தது. ஜிஎஸ்எம் என்ற மொபைல் தரநிலை வந்தபோது போனும் அளவெடுப்பில் சேர்ந்துகொண்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே, தனக்குரிய நேரத்துண்டுகளுக்கு இடையே கிடைக்கும் ஓய்வில் அக்கம்பக்கத்து டவர்களைக் கேட்டு, அவற்றில் வலுவான ஆறின் அளவுகளை 480 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அனுப்பியது. எந்த அலைவரிசைகளைக் கேட்க வேண்டும் என்ற பட்டியலை நெட்வொர்க்கே முன்கூட்டிக் கொடுத்துவிடும். போன் அளந்து சொல்லும், நெட்வொர்க் முடிவெடுக்கும். இருட்டில் துழாவும் வேலை அங்கே இல்லை.

வைஃபையில் அந்தத் துழாவலுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதை 2003ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் அருணேஷ் மிஸ்ரா, மின்ஹோ ஷின், வில்லியம் ஆர்பா ஆகிய மூவர் அளந்தார்கள். ஓர் ஆக்சஸ் பாயின்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆகும் மொத்தத் தாமதத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல், அடுத்தது எங்கே என்று தேடுவதிலேயே கழிந்தது. கைகுலுக்கி இணைவதற்கு ஆன நேரம் சொற்பம். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

வந்த திருத்தங்கள் மூன்று. தரநிலையின் பெயரோடு ஒட்டிய எழுத்துகளால் அவற்றை கே, ஆர், வி என்பார்கள். 2008ல் வந்த 802.11கே, டவர்கள் செய்ததை வைஃபைக்குக் கொண்டுவந்தது: போன் கேட்டால், அக்கம்பக்கத்து ஆக்சஸ் பாயின்டுகள் எவை, எந்தெந்தச் சேனலில் இருக்கின்றன என்ற பட்டியலைத் தற்போதைய ஆக்சஸ் பாயின்டே கொடுக்கும். முப்பது சேனல்களைத் துழாவுவதற்குப் பதில் மூன்றை எட்டிப்பார்த்தால் போதும்.

அதே ஆண்டு வந்த 802.11ஆர் சாவியைப் பற்றியது. அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் உண்டு. புதிய ஆக்சஸ் பாயின்டில் சேரும்போதெல்லாம் தொலைவில் உள்ள சர்வரோடு பல சுற்றுப் பேசி அதை நிரூபிக்க வேண்டும். அதற்கு அரை நொடிகூட ஆகலாம். ஆர் முறையில் முதல் தடவை நிரூபித்தாலே போதும். அதிலிருந்து பிறக்கும் சாவிகள் அந்தக் குழுவின் மற்ற ஆக்சஸ் பாயின்டுகளுக்கும் கிடைத்துவிடும். தாவும் நேரம் 50 மில்லிசெகண்டுக்குள் அடங்கும்; பேசுகிறவர் காதுக்கு அது எட்டாது.

2011ன் 802.11வி ரவுட்டருக்கு வாய் கொடுத்தது. ‘அந்த ஆக்சஸ் பாயின்ட் உனக்கு இன்னும் நன்றாக இருக்கும், அங்கே போ’ என்று அது போனிடம் சொல்லலாம். கவனிக்க வேண்டியது, இது வேண்டுகோள்தான், கட்டளை அல்ல. போன் மறுக்கலாம், மறுத்ததற்கான காரணத்தை ஓர் எண்ணாகத் திருப்பி அனுப்பலாம். ஆனாலும் தன்னைச் சுற்றி உள்ளதை மட்டும் அறிந்த போனும், கட்டடம் முழுவதையும் அறிந்த நெட்வொர்க்கும் கலந்து பேச முதன்முதலாக வழி பிறந்தது.

கலந்து பேசத் தெரியாத பழைய கருவிகளை என்ன செய்வது? சில ரவுட்டர்களில், சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனால் இணைப்பைத் துண்டித்துக் கருவியை வெளியே தள்ளும் வசதி உண்டு. வேறு வழியில்லாமல் அது அருகில் உள்ளதைப் பிடிக்கும் என்பது எதிர்பார்ப்பு. இது முரட்டு வைத்தியம். அருகில் வேறு ஆக்சஸ் பாயின்ட் இல்லாத மூலையில் இருக்கும் கேமராவையும் அது தள்ளிவிடும், கேமரா மறுபடி வரும், மறுபடி தள்ளும். ஆர் முறையிலும் இப்படி ஒரு சங்கடம் வந்தது. அதை இயக்கியதும் சில பழைய கருவிகள் புதிய அறிவிப்பைப் புரிந்துகொள்ள முடியாமல் நெட்வொர்க்கில் சேரவே மறுத்தன. சிஸ்கோவும் ஆப்பிளும் 2016ல் ஐஓஎஸ் 10 வந்தபோது, புரிந்துகொள்ளும் கருவிகளுக்கு மட்டும் ஆர் முறையைத் திறந்துவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன.

மென்பொருள் பக்கமும் வேலை நடந்தது. லினக்ஸில் வைஃபையை நடத்தும் ஐடபிள்யூடி என்ற மென்பொருளில் தாவும் எல்லை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 70, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 76. உயர் பட்டையில் சிக்னல் சற்றுக் குறைந்தாலும் வேகம் நன்றாக இருக்கும் என்பதால் அங்கே கூடுதல் பொறுமை. இன்னொரு மென்பொருளான டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டின் மாதிரி அமைப்பு வரி ஒன்றில் 30, மைனஸ் 45, 300 என்ற மூன்று எண்கள் இருக்கும். சிக்னல் மைனஸ் 45க்குக் கீழே இருந்தால் 30 நொடிக்கு ஒருமுறை சுற்றிப் பார், மேலே இருந்தால் 300 நொடிக்கு ஒருமுறை பார் என்பது அதன் பொருள். மைனஸ் 45 என்பது வலுவான சிக்னல். அப்போதே அக்கம்பக்கத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால், மைனஸ் 70 வரும்போது பதறத் தேவையில்லை.

டவர்களின் உலகத்திலும் இதே பாடம் வேறு வடிவில் வந்தது. நான்காம் தலைமுறையில், பக்கத்து டவர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வலுவாக, குறிப்பிட்ட நேரம் தொடர்ந்து இருந்தால்தான் போன் அதைத் தெரிவிக்கும். அந்த நேரத்தைப் பூஜ்யத்திலிருந்து 5,120 மில்லிசெகண்டு வரை வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் ஒரு நொடிக்கு 36 மீட்டர் கடக்கிறது. 640 மில்லிசெகண்டு காத்திருந்தால் 23 மீட்டர் தாண்டியாகிவிட்டது. அதன் பிறகு போன் தகவல் அனுப்பி, நெட்வொர்க் யோசித்து, ‘மாறிக்கொள்’ என்ற கட்டளை திரும்பி வர வேண்டும். அந்தக் கட்டளை வருவதோ தேய்ந்துகொண்டிருக்கும் பழைய டவர் வழியாக. மிக அவசியமான செய்தி மிக மோசமான நேரத்தில் பயணிக்கிறது. வழியில் தொலைந்தால் அழைப்பும் போய்விடும்.

இதற்கு ஐந்தாம் தலைமுறைத் தரநிலையின் 16ஆம் வெளியீட்டில், 2020ல், ஒரு தீர்வு வந்தது. சிக்னல் நன்றாக இருக்கும்போதே நெட்வொர்க் அடுத்த டவரில் இடம் பிடித்து வைத்து, ‘இந்த நிபந்தனை நிறைவேறினால் இங்கே போய்க்கொள்’ என்று கட்டளையை முன்கூட்டியே போனிடம் கொடுத்துவிடுகிறது. நேரம் வந்ததும் போன் யாரையும் கேட்காமல் தாவும். புதிய டவரோடு பேசத் தொடங்கும்வரை பழைய டவரின் இணைப்பையும் பிடித்திருக்கும் இன்னொரு முறையும் அதே வெளியீட்டில் வந்தது.

வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது வேறொரு தடை. வீட்டு வாசலைத் தாண்டியதும் போனின் ஐபி முகவரியே மாறிவிடும். டிசிபி என்ற பழைய முறை ஓர் உரையாடலை முகவரியை வைத்துத்தான் அடையாளம் காணும். முகவரி மாறினால் உரையாடல் செத்துப்போகும். 2013ல் ஐஓஎஸ் 7 வெளிவந்தபோது ஆப்பிள் தன் சிரி உதவியாளருக்கு, ஒரே உரையாடலை இரண்டு பாதைகளில் நடத்தும் மல்ட்டிபாத் டிசிபியைப் பயன்படுத்தியது. 2021 மே மாதம் தரநிலையான குயிக், ஒவ்வொரு உரையாடலுக்கும் முகவரியைச் சாராத ஓர் அடையாள எண்ணைக் கொடுக்கிறது. முகவரி மாறினாலும் உரையாடலை அடையாளம் காணலாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இப்போது உருவாகிவரும் அடுத்த தரநிலை 802.11பிஎன், வைஃபை 8 என்ற பெயரில் வரவிருக்கிறது. உச்ச வேகத்தை உயர்த்துவதைவிட நம்பகத்தன்மையை உயர்த்துவதே அதன் நோக்கம். பொட்டல இழப்பை, குறிப்பாக ஆக்சஸ் பாயின்ட் மாறும் நேரத்தில், 25 விழுக்காடு குறைப்பது அதன் இலக்குகளில் ஒன்று. போன் ஒரு தனி ஆக்சஸ் பாயின்டோடு சேராமல் பல ஆக்சஸ் பாயின்டுகள் கொண்ட ஒரு வட்டாரத்தோடு சேரும். உள்ளே எங்கே நகர்ந்தாலும் இணைப்பு புதிதாகத் தொடங்காது. தரநிலை 2028ல் நிறைவடையும் என எதிர்பார்க்கப்படுகிறது.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. பலரும் ரவுட்டரின் திறனை உச்சத்தில் வைப்பார்கள். அது சிக்கலைக் கூட்டும்: கீழ் ரவுட்டரின் ஒலி மாடிவரை உரக்கக் கேட்டால் போனின் எல்லை எட்டப்படாது, தேடலும் தொடங்காது. போனின் குரலோ ரவுட்டருடையதைவிட மெலிது; கீழே போய்ச் சேர்வதற்குள் தேய்ந்துவிடும். இரண்டு ரவுட்டர்களிலும் 2.4 கிகாஹெர்ட்ஸின் திறனை நடுத்தரத்துக்கு இறக்கி, வெவ்வேறு சேனல்களில் வைத்து, இரண்டையும் கேபிளால் இணைத்தால் பெரும்பாலும் தாவல் தானாகச் சீராகும். இன்டெல் வைஃபை உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் அடாப்டரின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் ‘ரோமிங் அக்ரெஸிவ்னெஸ்’ என்ற தேர்வு ஐந்து படிகளில் இருக்கிறது. ஒட்டிக்கொள்ளும் லேப்டாப்புக்கு அதை ஒரு படி உயர்த்திப் பார்க்கலாம். புதிதாக வாங்குகிறவர்கள், பெட்டியில் அச்சிட்ட உச்ச வேகத்தைப் பார்ப்பதோடு கே, வி, ஆர் மூன்றும் அதில் உண்டா என்று கடைக்காரரிடம் கேட்பது நல்லது. கே, வி இரண்டையும் தயங்காமல் இயக்கலாம். ஆரை இயக்கிய பிறகு வீட்டில் உள்ள பழைய பிரின்டரும் கேமராவும் இணைகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.